ஃபோக்-1 முழுசா வெட்ட மாட்டேங்குது: விடிஆர் மரபணு வகைப்படுத்தலில் உதவி தேவை

வணக்கம். காசநோயாளிகள், ஆரோக்கியமானவர்கள் இரு தரப்பிலும் விடிஆர் (வைட்டமின் டி ஏற்பி) மரபணுவின் ஃபோக்-1 வேறுபாட்டை (ஆர்எஸ் 2228570) பிசிஆர்-ஆர்எஃப்எல்பி முறையில் பார்க்கிறோம்; அதாவது டிஎன்ஏ துண்டைப் பெருக்கி, ஃபோக்-1 என்ற நொதியால் வெட்டிப் பார்ப்பது. இடம் மதுரை. ஆரோக்கியமானவர்களிலேயே ஹெட்டரோசைகோட் (இரு பிரதியும் வெவ்வேறு வடிவமாக உள்ளவர்கள்) அதிகம்; ஹார்டி-வைன்பெர்க் சமநிலை (மக்கள்தொகையில் எதிர்பார்க்கும் மரபணு வகை விகிதம்) வரவில்லை.

பெருக்கிய 265 பேஸ்பேர் துண்டு, சிறிய எஃப் (ஃபோக்-1 அடையாளம் காணும் தளம் உள்ள வடிவம்) இருந்தால் 196, 69 ஆக வெட்டுப்பட வேண்டும். ஆனால் சாங்கர் முறையில் டிஎன்ஏ வரிசையைப் படித்து, இரு பிரதியும் சிறிய எஃப் என்று உறுதியான மாதிரியிலும் 265-இல் மங்கலாக ஒரு கோடு நிற்கிறது. அதை ஹெட்டரோ என்று எண்ணினால் காசநோய்த் தொடர்பு பற்றிய முடிவே பொய்யாகிவிடும், அதுதான் கவலை.

செய்து பார்த்தவை: 10 மைக்ரோலிட்டர் பிசிஆர் பொருளுக்கு நொதியை 2 யூனிட்டிலிருந்து 5 ஆக்கினோம். 37 டிகிரியில் 4 மணி நேரம், பிறகு இரவு முழுக்க. பிசிஆர் பொருளுக்குக் காலம் (column) சுத்திகரிப்பும் ஆச்சு. 3% அகரோஸ் ஜெல்லில் ஓட்டினோம். புது லாட் நொதியும் அதே கதைதான். ஆனால் லாம்டா டிஎன்ஏவை (நொதியைச் சோதிக்கப் பயன்படும் வைரஸ் டிஎன்ஏ) சுத்தமாக வெட்டுகிறது.

லாம்டாவில் ஃபோக்-1 தளங்கள் நிறைய, எங்கள் துண்டில் ஒன்றே ஒன்று. இந்த நொதி இரண்டு மூலக்கூறு சேர்ந்தால்தான் வெட்டும் என்பதால் சந்தேகம் அங்கேதான்.

ஃபோக்-1 தளமுள்ள குட்டி இரட்டை இழை ஆலிகோவை (செயற்கை டிஎன்ஏ துண்டு) சேர்த்து யாராவது இதைச் சரி செய்திருக்கிறீர்களா, என்ன விகிதத்தில் சேர்த்தீர்கள்?