ஃபெல்டுக்குத் தமிழ்ச்சொல்: சடைத்துணி, ஊசிச் சடைப்பு, மணித்தோரணம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கம்பளி உருண்டைகளைக் கோத்துத் தொங்கவிடும் அலங்காரத்தையும், ஊசியால் குத்திக் கம்பளி உருவங்கள் செய்யும் கலையையும் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் பாடமொன்றை எழுதிவரும் நண்பர், ‘ஃபெல்ட்’ (நெய்யாமல் இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து இறுக்கிச் செய்யும் துணி), ‘நீடில் ஃபெல்டிங்’, ‘ஃபெல்ட் பால் கார்லண்ட்’ ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். இதுவரை அழுத்துக்கம்பளி, ஒட்டுக்கம்பளி, நெய்யாத்துணி, சிக்குக்கம்பளி, நம்தா என ஐந்து சொற்கள் வந்துள்ளன. இந்த வேலையைச் சில ஆண்டுகளாகக் கையால் செய்துவருபவள் என்ற முறையில், ஐந்தையும் வேலையோடு பொருத்திப் பார்த்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன்.

ஒட்டுக்கம்பளி என்ற சொல்லை முதலில் விலக்கிவிடலாம், ஏனெனில் இதில் பசை எதுவும் இல்லை. அழுத்துக்கம்பளி என்பது ஓரளவு பொருந்துவதுபோல் தோன்றினாலும், உலர்ந்த கம்பளியை எவ்வளவு அழுத்தினாலும் கையை எடுத்தவுடன் அது மீண்டும் பொங்கிவிடும் என்பதைச் செய்துபார்த்தவர்கள் அறிவார்கள். அழுத்தம் துணைக்காரணமே தவிர முதற்காரணம் அன்று. நெய்யாத்துணி என்பது பிழையற்ற சொல், ஆனால் அது ஒரு பெரிய இனத்தின் பெயர். முகக்கவசத்தின் துணியும், கடைகளில் பொருள் போட்டுத்தரும் துணிபோன்ற பாலிபுரொப்பிலீன் பைகளும்கூட நெய்யாத்துணிகளே. இனத்தின் பெயரை அதன் ஒரு வகைக்கு வைத்துவிட்டால், பின்னால் இனத்துக்கு வேறு பெயர் தேடி அலைய நேரும். நம்தா என்பது காஷ்மீரிலும் இராஜஸ்தானத்தின் டோங்க் நகரிலும் செய்யப்படும் விரிப்பின் பெயர். ‘நமத்’ என்ற பாரசீகச் சொல்லோடு தொடர்புடைய அந்தப் பெயரை அந்த விரிப்புக்கே விட்டுவைப்பதுதான் அதைச் செய்பவர்களுக்கு நாம் தரும் மதிப்பு.

எஞ்சியிருக்கும் சிக்குக்கம்பளி என்ற சொல்லே மெய்ப்பொருளுக்கு மிக அருகில் வருகிறது. அதை முன்மொழிந்த அம்மையாருக்கு என் நன்றி. என் முன்மொழிவும் அந்த வழியில் இன்னும் ஓர் அடி எடுத்து வைப்பதுதான்.

கம்பளி இழையின் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய செதில்கள் ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன, அவற்றின் விளிம்புகள் இழையின் நுனியை நோக்கியிருக்கின்றன. ஆகவே இழையை அடியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் வழுவழுப்பாகவும், நுனியிலிருந்து அடி நோக்கித் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கும். வெந்நீரும் சோப்பும் சேர்த்துப் பிசையும்போது, ஈரத்தில் ஊறி நெகிழ்ந்த இழை ஒவ்வொன்றும் தன் அடிப்பக்கத்தை நோக்கி மட்டுமே நகர்கிறது, பின்னால் வரச் செதில்கள் விடுவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி ஒருவழியாகவே நகர்ந்து ஒன்றையொன்று சுற்றி இறுகுவதால்தான் திரளின் அளவு சுருங்குகிறது, அது மறுபடி பிரிவதும் இல்லை. பருத்தி இழைக்கு இத்தகைய செதில் இல்லாததால் பஞ்சை எவ்வளவு நேரம் பிசைந்தாலும் அது ஈரப்பஞ்சாகவே இருக்கும். எந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காது என்று விற்கப்படும் கம்பளி நூலில் செதில்களைக் குளோரின் கொண்டு தேய்த்தோ, மேலே பிசின் பூசியோ மழுக்கிவிடுவதால் அதுவும் இந்த வேலைக்கு உதவாது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

மனிதத் தலைமயிருக்கும் இதே செதில் அமைப்பு உண்டு. எண்ணெயும் சீப்பும் படாத தலையில் என்ன நேர்கிறது என்பதற்குத் தமிழில் பல நூற்றாண்டுகளாகச் சொல் இருக்கிறது. முதலில் சிக்கு விழும், கவனிக்காமல் விட்டால் சடை விழும். சிக்கைச் சீப்பால் எடுக்கலாம். சடை விழுந்துவிட்டால் கத்தரித்துத்தான் எடுக்கவேண்டும். ஃபெல்ட் என்பது பிரிக்க முடியாதபடி இறுகிய நிலை என்பதால், அதற்குரிய சொல் சிக்கு அன்று, சடை என்று நான் கருதுகிறேன். நெய்தல், பின்னல், முடைதல் ஆகிய மூன்றிலும் இழைக்கு ஓர் ஒழுங்கான பாதை உண்டு. சடையில் அப்படி ஒரு பாதையே கிடையாது. இந்த வேறுபாட்டை நம் மொழி முன்பே செய்து வைத்திருக்கும்போது புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை.

எனவே துணிக்குச் சடைத்துணி, செயலுக்குச் சடைத்தல் அல்லது சடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வெந்நீரும் சோப்பும் கொண்டு செய்வது நீர்ச் சடைப்பு. ஊசியால் குத்திச் செய்வது ஊசிச் சடைப்பு. இழை சடைகிறது, நாம் இழையைச் சடைக்கிறோம் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வேர் எளிதாக வளைந்து கொடுக்கிறது. கலைச்சொல்லுக்கு வேண்டிய முதல் தகுதி இதுவே என்பது என் எண்ணம். பெயர்ச்சொல்லாக மட்டும் நின்று வினையாக மாற மறுக்கும் சொல் பாடநூலின் இரண்டாம் பக்கத்திலேயே தடுமாறிவிடும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் நானே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் சடை என்றவுடன் பெண்குழந்தையின் பின்னிய கூந்தலும் சடைமாட்டியும் நினைவுக்கு வரும் என்று சொல்வீர்கள். அது உண்மைதான். ஆயினும் சடைநாய் என்று சொல்லும்போது யாரும் பின்னலை நினைப்பதில்லை. மரம் சடை சடையாய்க் காய்த்திருக்கிறது என்னும்போதும் பின்னல் மனத்தில் வருவதில்லை. இடம்நோக்கிப் பொருள்கொள்ளும் பழக்கம் இந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: சடைவு, சடவு என்ற வடிவங்கள் வட்டார வழக்கில் உடற்சோர்வைக் குறிக்கும். ஆகவே தொழிற்பெயராகச் சடைவு என்பதை எந்த இடத்திலும் பயன்படுத்தாமல், சடைப்பு என்பதை மட்டுமே கொள்ளவேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

மயிர்த்துணி என்று ஏன் சொல்லக்கூடாது என்று மூத்த நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ஐயா, சிலப்பதிகாரம் பட்டையும் பருத்தி நூலையும் சொல்லும் அதே அடியில் மயிரையும் நெசவுக்குரிய பொருளாகச் சொல்வது நாம் அறிந்ததே. சொல்லின் தகுதியில் குறை எதுவும் இல்லை. ஆனால் இன்று ஒரு வகுப்பறையில் ஆசிரியை அந்தச் சொல்லைப் பத்துமுறை உச்சரிக்க வேண்டிய சூழலை எண்ணிப் பார்க்கிறேன். தவிரவும், அந்தச் சொல் பொருளை மட்டுமே சொல்கிறது, அது எப்படித் துணியானது என்பதைச் சொல்லவில்லை.

சடைக்கம்பளி என்னாமல் சடைத்துணி என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. எழுதுபொருள் கடைகளில் பள்ளிக் கைவேலைக்காக வண்ண வண்ணமாக விற்கும் ஃபெல்ட் தாள்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக் இழையால் ஆனவை, அவற்றில் கம்பளி இல்லை. செதில் இல்லாத இந்த இழைகள் நீரில் சடையமாட்டா. ஆலையில் ஆயிரக்கணக்கான ஊசிகள் பதித்த பலகை மேலும் கீழும் குத்திக் குத்தியே அவற்றைச் சடைக்கிறது. சாலைப்பணியில் மண்ணுக்கடியில் விரிக்கும் தடித்த விரிப்புகளில் ஒருவகையும் இவ்வாறே உருவாகிறது. பொதுப்பெயரில் கம்பளியைச் சேர்த்துவிட்டால் இவையெல்லாம் வெளியே நின்றுவிடும். கம்பளியால் ஆனதைக் குறிப்பாகச் சொல்லவேண்டிய இடத்தில் கம்பளிச் சடைத்துணி என்று விரித்துக்கொள்ளலாம். கிர்கிஸ் மொழியிலும் ஃபெல்டுக்குரிய ‘கியிஸ்’ என்ற ஒரே சொல்லோடு அடைமொழி சேர்த்து, பலநிற விரிப்பை ‘அலா-கியிஸ்’ என்கிறார்கள். ‘ஷிர்டாக்’ என்னும் மற்றொரு வகையோடு சேர்த்து அந்தக் கலையை யுனெஸ்கோ 2012-இல் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. தெற்குச் சைபீரியாவிலுள்ள அல்தாய் மலையின் பாசிரிக் கல்லறைகளில் உறைபனி காத்துவைத்த சடைத்துணி அன்னங்கள் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பறவைகளின் படத்தைப் பாடத்தின் முதல் பக்கத்தில் வைக்கும்படி நண்பரை வேண்டுகிறேன்.

இனி ஊசிக்கு வருகிறேன், ஏனெனில் இங்கேதான் சொல் தவறினால் கை தவறும். இந்த ஊசிக்குக் காது கிடையாது, நூல் கோப்பதும் இல்லை. முக்கோண வடிவில் பட்டைதீட்டிய தண்டின் விளிம்புகளில் சிறு சிறு வெட்டுகள் இருக்கும். இவற்றை ‘எதிர்முள்’ என்று ஒருவரும், ஊசியைக் ‘கொக்கியூசி’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தூண்டிலில் இருக்கும் எதிர்முள், உள்ளே போகும்போது சும்மா இருந்து வெளியே வரும்போது பற்றும். இந்த ஊசியின் வெட்டோ உள்ளே போகும்போது இழையைப் பற்றி இழுத்துச்சென்று, வெளியே வரும்போது விட்டுவிடும். திசை நேர்மாறானது. கொக்கியூசி என்றால் ஆரி வேலை செய்யும் நம் பெண்கள் தங்கள் ஆரி ஊசியை எடுத்து வந்துவிடுவார்கள், அது நூலை மேலே இழுக்கும் கருவி. எனவே ஊசிக்குச் சடையூசி என்றும், வெட்டுக்குப் பொளி என்றும் முன்மொழிகிறேன். அம்மியில் உளியால் கொத்திப் பொளிந்த இடம் எப்படிப் பொருளைப் பற்றி அரைக்கிறதோ, அப்படியே இந்தப் பொளியும் இழையைப் பற்றுகிறது. உள்ளிருக்கும் இழையை மேலே இழுத்து விலங்கு உருவங்களுக்கு உரோமம் உண்டாக்கும் நேர்மாறான ஊசிகளும் கிடைக்கின்றன. அவற்றை எதிர்ப்பொளி ஊசி என்றால் வேறுபாடு தானே விளங்கும்.

ஊசியின் பருமனைக் குறிக்கும் எண்கள் பற்றியும் ஒரு சொல். 36 தடித்தது, 38 நடுத்தரம், 40 மெல்லியது. தையல் எந்திர ஊசியில் 14-ஐவிட 16 தடித்தது என்பதால், தையல் தெரிந்தவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். ஆனால் நெசவாளர் வீடுகளில் 40-ஆம் நம்பர் நூலைவிட 60-ஆம் நம்பர் நூல் மெல்லியது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே பாடத்தில் ‘நூலின் நம்பரைப்போல, எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும்’ என்று ஒரே வரி எழுதிவிட்டால் போதும்.

உருண்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவதற்கு ‘கம்பளிப்பந்து மாலை’ என்று பலரும் எழுதியிருந்தீர்கள். மாலை என்பது கழுத்துக்கு உரியது, மனிதருக்கோ தெய்வத்துக்கோ சூட்டுவது. இந்தப் பொருளை யாரும் அணிவதில்லை. சன்னலிலும் சுவரிலும் குழந்தையின் தொட்டிலுக்கு மேலும் இரு முனைகளையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள், அதற்குத் தமிழில் தோரணம் என்றுதான் பெயர். மாவிலைத் தோரணம் கட்டும் நாட்டில் இதற்கு வேறு சொல் தேடவேண்டியதில்லை. பந்து என்பதும் எறிந்து விளையாடும் பொருள். இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள, நடுவே நூல் ஓடும் உருண்டை நமக்கு மணி. எனவே கம்பளிமணி, கம்பளிமணித் தோரணம், சுருக்கமாக மணித்தோரணம் என்கிறேன். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பெண்கள் சோப்பு நீரில் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் செய்து உலகெங்கும் அனுப்பும் கம்பளிமணிகளும் நீர்ச் சடைப்பில் உருவாகுபவையே என்பதைப் பாடத்தில் குறிப்பிடுவது நல்லது. மணி என்றால் ஊசிச் சடைப்பு என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சிறு சொற்களைச் சுருக்கமாக முடிக்கிறேன். சீப்பிட்டு நீளவாக்கில் ஒழுங்குபடுத்திய கம்பளிக்குக் கம்பளித்திரி என்பது விளக்குத்திரியைக் கையால் உருட்டிய எவருக்கும் விளங்கும். பஞ்சை இழை இழையாகப் பிரிப்பதற்கு நாம் சொல்லும் பன்னுதல் என்ற வினையையே கம்பளிக்கும் கொண்டு பன்னிய கம்பளி என்னலாம். குத்தும்போது அடியில் வைப்பதைக் குத்துமெத்தை என்று எழுதிவிட்டு, தடித்த ஸ்பாஞ்சையோ அரிசி நிரப்பித் தைத்த சணற்பையையோ பயன்படுத்தலாம் என்று விளக்கிவிடலாம்.

ஒரு சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்பதால், பாடத்தின் ஒரு பத்தியை இச்சொற்களைக் கொண்டு எழுதிப்பார்த்தேன்:

“கம்பளித்திரியிலிருந்து கத்தரிக்காமல், இரு கைகளையும் சற்று விலக்கிப் பிடித்து இழுத்து மெல்லிய இழைக்கொத்துகளாகப் பிரித்தெடுங்கள். ஒரு கொத்தை இறுக்கமாகச் சுருட்டி, அதன்மேல் அடுத்ததைக் குறுக்காகச் சுற்றுங்கள். வேண்டிய மணியைவிட உருண்டை பெரிதாக இருக்கட்டும், சடைக்கும்போது சுருங்கும். குத்துமெத்தையின்மேல் வைத்து 36-ஆம் எண் சடையூசியால் நேராகக் குத்தி, குத்திய கோணத்திலேயே வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும்போது ஊசியைச் சாய்த்தால் முனை ஒடிந்துவிடும். உருண்டையை விரலால் பிடித்துக்கொண்டு குத்தாமல், ஒவ்வொரு சில குத்துகளுக்கும் ஒருமுறை திருப்பி வையுங்கள். விரலால் அமுக்கினால் குழி விழாத அளவுக்கு இறுகியபின் 40-ஆம் எண் ஊசியால் குத்தி மேற்பரப்பைச் சீராக்கிவிடுங்கள். நீர்ச் சடைப்பில் செய்வதானால் தொடக்கத்தில் எடையே இல்லாததுபோல் உருட்டுங்கள். மேல்தோல் சடையும் முன்பே அழுத்தினால் மணியில் வெடிப்பு விழும், அது பின்னர் மறையாது. உலர்ந்த மணிகளை நீண்ட ஊசியும் உறுதியான பருத்தி நூலும் கொண்டு கோத்தால் மணித்தோரணம் ஆயிற்று. இறுகிய கம்பளி நூலைத் தானே பற்றிக்கொள்வதால் இடையில் முடிச்சுத் தேவையில்லை.”

இந்தப் பத்தியை, இந்தக் கலையை முன்பு பார்த்தேயிராத என் அண்டைவீட்டு அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். சடை என்ற இடத்தில் அவர் நிறுத்தவில்லை. பொளி என்ற இடத்தில் மட்டும், ஊசியில் எங்கே பொளிந்திருக்கிறது என்று கேட்டு, ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த ஒரு சொல்லில் எனக்கும் முழு நிறைவு இல்லை. குழுமத்தில் அரம், உளி, கத்திவேலை செய்பவர்களோ அவர்களோடு பழகியவர்களோ இருந்தால், விளிம்பில் இடும் சிறு வெட்டுக்குப் பட்டறையில் வழங்கும் சொல்லை எழுதுங்கள். அது பொருந்துமானால் பொளியை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கைவினை ஆசிரியை ஒருத்தி