மீட்டர் கண்ணாடியைப் பிடிக்கும் வளையத்துக்கு என்ன பெயர்?

காட்பாடி, மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வேலூர்ப் பக்கத்துத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கானது. திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பாடத்துக்கு எடுத்துக்கொண்ட வண்டி டிரையம்ப் ஹெரால்டு. அறுபதுகளில் சென்னையை ஒட்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானதே, அதன் தாய் வண்டி. டேஷ்போர்டு 'முகப்புப் பலகை' ஆகிவிட்டது, நாப் 'குமிழ்' ஆகிவிட்டது. ஸ்பீடோமீட்டர் கண்ணாடியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குரோம் வளையத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் பெசல். இப்போதைக்கு 'விளிம்பு' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒப்பக் கூடாதுதான். விளிம்பு என்பது பொருளின் ஓரம், தனிப்பொருள் அன்று. கழற்றி மேசைமேல் வைக்கிற ஒன்றை விளிம்பு என்றால் மாணவன் எதைக் கழற்றுவான்? 'பூண்' இருக்கையில் ஏன் அலைய வேண்டும்? உலக்கைக்குப் பூண், கைத்தடிக்குப் பூண். பூணுதல் என்பதில் அணிவதும் உண்டு, கட்டிப் பிடிப்பதும் உண்டு. இந்த வளையம் செய்வதும் அவ்விரண்டும்தானே? ஒரே அசை, சொல்லவும் எளிது.

ராணிப்பேட்டை, ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்:
ஐயா, வணக்கம். பூண் என்று எழுதினால் பையன் சுத்தியலை எடுத்துவிடுவான். உலக்கைப் பூணை அடித்துத்தான் ஏற்றுகிறோம், அடித்துத்தான் இறக்குகிறோம். ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டரில் அந்த வேலை நடக்காது. ரிங்குக்கு உள்பக்கம் சின்னச் சின்ன நாக்கு மடங்கியிருக்கும். மீட்டர் டப்பாவின் வாயில் அதற்கேற்ற வெட்டு இருக்கும். ரிங்கைக் கொஞ்சம் திருப்பி நாக்கை வெட்டுக்கு நேரே கொண்டுவந்தால் கையோடு வந்துவிடும். பல வருட அழுக்கும் உள்ளே இருக்கும் ரப்பரும் சேர்ந்து இறுகிப்போயிருந்தால் ஓரத்தில் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் ரிங் கோணிக்கொள்ளும், குரோம் உரியும், கண்ணாடியும் விரியும். அதற்கும் முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், புத்தகத்தில் அது பெரிய எழுத்தில் வரட்டும். எங்களுக்கு இது 'மீட்டர் ரிங்'. இதற்கு எதற்குப் பஞ்சாயத்து?

குடியாத்தம், பொறியியல் ஆசிரியை:
அண்ணன் சொன்னதிலேயே விடை இருக்கிறது. கை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெயரே சொல்லட்டும். 'திருகுவளையம்'.

ராணிப்பேட்டை:
மேடம், திருகு என்றால் மரை இருப்பதாக நினைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பான். இதில் மரை கிடையாது, கொஞ்சம் திருப்பினால் முடிந்தது. மீட்டருக்குப் பின்னால் ஸ்பீடோ கேபிளைப் பிடிக்கும் நட்டுக்குத்தான் மரை.

ஆம்பூர், தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்:
'பூட்டுவளையம்' என்று வைக்கலாமே? நாக்கு மாட்டிப் பூட்டிக்கொள்கிறது அல்லவா?

ராணிப்பேட்டை:
லாக் ரிங் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது பாய், தண்டில் வெட்டிய பள்ளத்தில் உட்காருவது. பெயரை மாற்றி மாட்டினால் ஸ்டோரில் தப்பான சாமான்தான் வரும்.

வாணியம்பாடி, தனித்தமிழ் அன்பர்:
திருகு, பூட்டு எதுவானாலும் பின்னால் வளையம் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதை யாரும் கேட்கவில்லையா? 'வலய' வடசொல். அதன் திரிபு வளையம்.

ஆற்காடு:
தம்பி, வளை என்ற வினை நம்முடையது. வளைவு, வளையல், வளைவி எல்லாம் அதன் பிள்ளைகள். சங்கப் பாடல்களில் பிரிவாற்றாமல் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை நெகிழ்ந்து விழாத பாட்டு எத்தனை? இங்கிருந்து அங்கே போன சொல்லை அங்கிருந்து வந்ததாகச் சொல்வது நமக்கு வாடிக்கையாகிவிட்டது. இன்னொன்று, குமிழ் என்று போட்டீர்களே, மிக நன்று. குமிழம்பூவை மூக்குக்கு உவமை சொன்ன மரபு. முகப்புப் பலகைக்கு மூக்கும் வந்துவிட்டது.

காட்பாடி:
ஐயா, தலைவியின் வளை தானாகக் கழல்கிறது, ஹெரால்டின் வளையம் கழல மாட்டேன் என்கிறது. குமிழிலும் ஒரு சங்கடம். மூலத்தில் 'குமிழை இழுத்து எடுக்கவும்' என்று மட்டும் இருக்கிறது. இது சரிதானா?

ராணிப்பேட்டை:
சும்மா இழுத்தால் வராது. குமிழின் கழுத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அடிப்பக்கம் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் வைத்த பின். மெல்லிய கம்பியால் அதை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். அப்புறம் சுவிட்சைப் பலகையோடு பிடித்திருக்கும் வட்ட நட்டு. மரப்பலகையில் பழைய வார்னிஷை உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். மேலே ஒட்டியிருக்கும் நல்ல மரம் தாள் போலத்தான் இருக்கும். தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும். வார்னிஷ் ரிமூவர் தடவி வழித்தெடுப்பதுதான் சரி.

குடியாத்தம்:
மேலே ஒட்டிய மரத்துக்கு 'மேலொட்டு'?

காட்பாடி:
அம்மா, அது அடுத்த வாரம். நேரம் இல்லை. மீட்டரின் முகத்தில் இருப்பதால் 'முகவளையம்' என்று வைத்து, முதலில் வரும் இடத்தில் மட்டும் 'மீட்டர் ரிங்' என்றும் சேர்த்துவிடுகிறேன். திருப்பி எடுக்கும் முறை படத்தில் வரட்டும். மறுப்பு உண்டா?

ஆம்பூர்:
சரி.

குடியாத்தம்:
அரைமனதோடு சரி.

ஆற்காடு:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் முகவளையம் என்றால் முகத்தில் மாட்டும் நகை என்றுதான் என் பேத்தி சொல்கிறாள். பூண் இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

வாணியம்பாடி:
என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். கணையாழியில் இருக்கும் 'ஆழி' வட்டத்துக்கு உரிய தூய சொல். 'முகவாழி' என்க.

ராணிப்பேட்டை:
யாரை வாழ்த்துகிறீர்கள் சார்?

வாணியம்பாடி:
முகம், ஆழி. மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்தது. வாழ்த்து அன்று.

காட்பாடி:
கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வாணியம்பாடி:
இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.