ஓய்விலும் பணியிலும் மூளை: ‘செயல்பாட்டு இணைப்பு’ என்ற சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மூளைப் படிமவியல் சொற்பட்டியலில் functional connectivity என்பதற்கு உள்ள ‘செயல்பாட்டு இணைப்பு’ என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இணைப்பு என்றதும் நரம்பிழைதான் மனத்தில் வரும். இங்கு அளக்கப்படுவதோ இழையன்று. மூளை இயங்குவதைக் காந்தப்புலத்தின் உதவியால் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவி பதியும், இரத்தத்தின் ஆக்சிஜன் நிலையைச் சார்ந்த குறிப்பலை, மூளையின் இரு பகுதிகளில் எந்த அளவுக்கு ஒத்து ஏறி இறங்குகிறது என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவே அது. நேரடி இழையே இல்லாத பகுதிகளுக்கிடையிலும், மூன்றாவது பகுதி ஒன்றின் வழியாக, அம்மதிப்பு உயர்ந்திருக்கக்கூடும்.

‘செயல்பாடு’ என்னும் அடைமொழியும் குழப்புகிறது. 1995-இல் பரத் பிஸ்வாலும் உடன் ஆய்ந்தோரும், விரல்களைத் தட்டும்போது கிளர்ச்சியுறும் உடலியக்கப் புறணிப் பகுதிகளை (உடலசைவை இயக்கும் மூளை மேலடுக்குப் பகுதிகளை) அடையாளம் கண்டு, அதே நபர்கள் எதுவும் செய்யாமல் படுத்திருந்தபோது அப்பகுதிகளின் 0.1 ஹெர்ட்சுக்கும் குறைந்த மெல்லலைவுகள் இடம் வலம் இரண்டிலும் ஒத்து நிகழ்வதைக் காட்டினர். இதை ‘ஓய்வுநிலைச் செயல்பாட்டு இணைப்பு’ என்று எழுதினால், படிப்பவர் ஓய்வா செயலா என்று கேட்கத்தான் செய்வார்.

எனவே ‘ஒத்தியைபு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஓய்வுநிலை ஒத்தியைபு, பணிநிலை ஒத்தியைபு என இரண்டையும் அருகருகே வைக்கலாம். ‘இணைப்பு’ என்பதை இழைகளைக் குறிக்கும் ‘கட்டமைப்பு இணைப்பு’க்கே விட்டுவிடலாம். ஒப்பீட்டு ஆய்வுகளுக்கும் இது பொருந்துகிறது: இரு நிலைகளிலும், ஒத்து அலையும் பகுதிகளாலான வலையமைப்பின் அடிப்படை வடிவம் பெரும்பாலும் ஒன்றே, பணி அதைச் சிறிதளவே, ஆனால் பணிக்குப் பணி வேறுபடும் வகையில், மாற்றுகிறது.

பணிநிலையில் ஒரு நுட்பம் உண்டு. திரையில் ஒளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னால், பார்வைப் புறணியும் உடலியக்கப் புறணியும் ஏறத்தாழ ஒரே வேளையில் எழும். அது தூண்டலின் கால ஒழுங்கால் வந்த ஒற்றுமை. அப்பகுதிகள் தம்முள் இயைந்ததற்கு அதுமட்டும் சான்றாகாது. அந்தப் பங்கைக் கணித்து நீக்கி, எஞ்சிய அலைவுகளை ஒப்பிடுவது வழக்கம். நீக்கப்படும் பங்கை ‘உடனெழுச்சி’ என்றும், எஞ்சியவற்றின் ஒற்றுமையை மட்டும் ‘பணிநிலை ஒத்தியைபு’ என்றும் வரையறுத்தால் குழப்பம் குறையும்.

ஒன்று இடிக்கிறது. ஓய்வில் மேலோங்கும் இயல்புநிலை வலையமைப்பும் (default mode network), வெளிப்பணியில் கவனம் செலுத்தும்போது மேலோங்கும் கவன வலையமைப்பும் எதிரெதிராக அலைவதாகக் காட்டும் முடிவுகள் உள்ளன. மூளை முழுவதன் சராசரிக் குறிப்பலையை நீக்கும் முறையே அந்த எதிர்க்குறியின் ஒரு பகுதியை உண்டாக்குகிறது என்ற வாதமும் உண்டு. அதற்கு ‘எதிர் ஒத்தியைபு’ என்பது முரணாக ஒலிக்கிறது. ‘எதிரியைபு’ என்றால் எதிரி வந்து நிற்கிறான். ‘மாறியைபு’ பொருந்துமா என்று புள்ளியியல் அறிந்தவர்கள் கூறுங்கள்.