கர்ப்பத்துக்கு முன் உடம்பைத் தேற்ற வேண்டும், இரும்புச்சத்து ஏறவே மாட்டேன் என்கிறது

வணக்கம். வயது 31, சீக்கிரமே முதல் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். ஆனால் எனக்கு மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது, வந்தால் இருமல் வாரக்கணக்கில் இழுக்கிறது, வாய்ப்புண் வேறு. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தலை சீவினால் சீப்பு முழுக்க முடி.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவு) 9, விட்டமின் டி 14. சர்க்கரை, தைராய்டு சரி. ருபெல்லாவுக்கு (கர்ப்பத்தில் வந்தால் குழந்தையைப் பாதிக்கும் ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்ததால் அதற்கான எம்எம்ஆர் தடுப்பூசி போட்டாகிவிட்டது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும், கர்ப்பமான பிறகு போடவும் முடியாது, அதனால் திட்டமிடுகிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கூடவே விட்டமின் டி மாத்திரையும் ஓடுகிறது.

இரும்பில்தான் மாட்டிக்கொண்டேன். கீரை, பருப்பு, முட்டை, மேலே எலுமிச்சைச் சாறு, சாப்பாட்டோடு டீ காபி கிடையாது, நேரத்துக்குத் தூக்கம், எல்லாம் செய்தும் ஃபெரிட்டின் அசையவில்லை. மாத்திரை போட்டால் குமட்டலும் மலச்சிக்கலும், பிராண்டு மாற்றியும் அதே கதை. இப்போது டாக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்கிறார், வயிற்றுத் தொல்லையும் குறையலாம், உடம்பும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார்.

இப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக் கர்ப்பத்துக்கு முன் ஃபெரிட்டினை ஏற்றியவர்கள் இருந்தால், உங்களுக்கு எத்தனை மாதம் பிடித்தது?