ஈலை டெர்ரி மரச் சக்கரங்களைத் தேர்ந்தது ஏன்?

கேள்வி:
அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் ஈலை டெர்ரி (1772–1852), பித்தளைக் கடிகாரங்களில் தேர்ந்த டேனியல் பர்னாப்பிடம் தொழில் பழகியவர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை மரச் சக்கரக் கடிகாரங்களே. ஈரம் பட்டால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இது தெரிந்தும் அவர் மரத்தைக் கையிலெடுத்தது ஏன்?

பதில் 1:
பித்தளை அன்று அங்கே விலை மிகுந்த பொருள். மரமோ காலடியில் கிடந்தது. அவருக்கு முன்பே அப்பகுதியில் மரக் கடிகாரம் செய்வோர் இருந்தனர். ஆனால் எந்த மரமும் எந்த உறுப்புக்கும் ஆகிவிடாது. சக்கரங்களைத் தாங்கும் தகடுகளுக்கு ஓக், பெரிய சக்கரங்களுக்குச் செரி, அவற்றோடு பல் கோக்கும் சிறு சக்கரங்களுக்கு லாரல் என்று பிரித்தார்கள். சிறு சக்கரம் அதிகமுறை சுழன்று விரைவில் தேயும் என்பதால் அதற்கு இறுகிய மரம் வேண்டியிருந்தது.

பதில் 2:
மரத்தைவிட அவர் துணிச்சலே எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒருசில கடிகாரங்களைச் செய்து, குதிரையில் ஏற்றி வீடு வீடாக விற்ற காலத்தில், வாட்டர்பரியின் எட்வர்ட் போர்ட்டர், லீவை போர்ட்டர் ஆகியோருக்கு மூன்றாண்டில் 4,000 கடிகார இயக்கங்களை (பெட்டியில்லாத உள் பொறிகளை), ஒன்று 4 டாலர் வீதம் தருவதாக ஒப்புக்கொண்டார். முதலாண்டு பெரும்பாலும் நீர்விசையால் ஓடும் இயந்திரங்களை அமைப்பதிலேயே கழிந்தது. ஆனால் அதன்பின், வெட்டிய சக்கரத்தை அரத்தால் ராவித் திருத்தாமல் எந்தக் கடிகாரத்திலும் பொருத்த முடிந்தது. வாக்குத் தவறாமல் முடித்துக்கொடுத்து, 1810இல் பட்டறையைத் தன்னிடம் வேலைசெய்த சேத் தாமஸ், சைலஸ் ஹோட்லி இருவருக்கும் விற்றுவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
அந்த 4,000 கடிகாரங்களா வீடுகளில் பரவின?

பதில் 3:
அவை நெடிய ஊசல் கொண்டவை. வாங்கியவர் பெட்டியைத் தச்சரிடம் தனியே செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் சுவரில் அப்படியே மாட்ட வேண்டும். என் கணிப்பில், 1816இல் அவர் காப்புரிமை பெற்ற அலமாரிக் கடிகாரமே (தட்டின்மேல் வைக்கும் சிறு கடிகாரம்) உண்மையான திருப்பம். ஊசல் குட்டையானது, பெட்டி உடன்வந்தது, ஒருமுறை சாவி கொடுத்தால் 30 மணிநேரம் ஓடியது. பெட்டிக்குள் ஒட்டிய செய்முறைத் தாளைப் பார்த்து வாங்கியவரே அதை ஓரிடத்தில் வைத்து ஓடவைக்கலாம். உங்கள் ஐயமும் பொய்யில்லை: கடல் கடந்து அனுப்பினால் மரச் சக்கரங்கள் உப்பிவிடும் என்பதால் ஏற்றுமதி கைகூடவில்லை. 1830களின் இறுதியில் உருளைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கிய பித்தளைத் தகடு மலிவானதும், ஒருகாலத்தில் டெர்ரியிடம் பெட்டி செய்துகொண்டிருந்த சான்சி ஜெரோமின் பித்தளைக் கடிகாரங்களே இங்கிலாந்துக்குக் கப்பலேறின.