இனிப்புக்கான கோவாவில் மாவுச்சத்து: யாரிடம் முறையிடுவது?

கேள்வி (ஆற்காட்டிலிருந்து):
வீட்டு விசேஷத்திற்கு மக்கன் பேடா (கோவாவும் மைதாவும் பிசைந்து பொரிக்கும் இனிப்பு) செய்வதற்காக, வேலூரில் ஒரு மொத்தக் கடையில் இரண்டு கிலோ கோவா, அதாவது சுண்டக் காய்ச்சிய பால், வாங்கினேன். பிசைந்தபோது கையில் நெய்ப்பசையே ஒட்டவில்லை. எண்ணெயில் போட்டதும் உருண்டைகள் வெடித்துப் பிரிந்தன. சந்தேகம் வந்து, ஒரு தேக்கரண்டி கோவாவை நீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டேன். கருநீலமாகிவிட்டது; மாவுச்சத்து இருந்தால்தான் அப்படி ஆகும். பொட்டலத்தில் தயாரித்தவர் பெயரோ தேதியோ உரிம எண்ணோ இல்லை. நானும் ரசீது கேட்கவில்லை. மீதி ஒரு கிலோ குளிர்பெட்டியில் இருக்கிறது. ஆற்காடு 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது, கடையோ வேலூரில். எந்த அலுவலகத்திற்குப் போவது?

பதில் 1 (பால் பரிசோதனையில் பணியாற்றியவர்):
சோதித்த கோவா மைதா சேர்ப்பதற்கு முன் எடுத்ததுதானா? பேடா மாவிலிருந்து எடுத்திருந்தால் நீலமாகத்தான் செய்யும். தனியாக எடுத்ததென்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. கோவாவில் மாவுச்சத்தோ சர்க்கரையோ நிறமோ சேர்க்கக் கூடாது என்பதும், ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 30 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தக் கொழுப்பு பாலுடையதா, டால்டாவா என்பதை அயோடின் சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

பதில் 2 (வழக்கறிஞர், வேலூர்):
விற்பனை நடந்தது வேலூரில் என்பதால், உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலூர் மாவட்ட நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆனால் உங்கள் குளிர்பெட்டியில் உள்ள கோவாவை வைத்து வழக்கு நிற்காது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கே சென்று மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும்; ஒரு பகுதியைப் பெறும் பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். தரம் குறைந்தது என்று வந்தால் 5 லட்சம் ரூபாய் வரையும், முகப்புச்சீட்டுக் குறைபாட்டிற்கு 3 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சிறைத் தண்டனைக்குரிய குற்றம், பாதுகாப்பற்றது என்று முடிவானால்தான். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை: வாங்குபவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு செய்துகொள்ளலாம், குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதை, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு அவர் எந்தக் கோவாவை எடுத்துத் தருவார் என்பது வேறு கதை.

பதில் 3 (இனிப்புக் கடை வைத்திருப்பவர்):
எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். நாங்களே கோவா காய்ச்சுவதில்லை, வெளியிலிருந்துதான் வருகிறது. சரக்கு அனுப்பியவரின் ரசீது இல்லாவிட்டால், அது யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வழியில்லாமல் பழி முழுவதும் விற்றவர் தலையில்தான் விழும். ஆகவே புகாரில், அந்தக் கடைக்குக் கோவா எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரிக்குமாறு கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரமே அதே கோவா வேறு கடைக்குப் போய்விடும்.

கேட்டவர்:
மைதா சேர்ப்பதற்கு முன் தனிப் பொட்டலத்திலிருந்து எடுத்ததுதான். திங்கட்கிழமை வேலூருக்குப் போய்ப் புகாரைக் கொடுக்கிறேன். கோவாவை எடுத்துச் செல்லவில்லை.