யாழ்ப்பாணக் கல்லூரியின் தொடக்க ஆண்டு: 1823 ஆ, 1872 ஆ?

அராலி வழியான் எழுதியது:
வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி 2023 இல் இருநூறாவது ஆண்டு விழாக் கண்டது. விழாவில் எனக்குக் குறையில்லை, கணக்கில்தான் உடன்பாடில்லை. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் டானியல் பூவரை அதிபராக வைத்துத் தொடங்கியது வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக்கூடம். அது 1855 இல், அமெரிக்காவிலிருந்து றூபஸ் அண்டர்சனுடன் வந்த தூதுக்குழுவின் முடிவுப்படி மூடப்பட்டது. 1872 இல் ஹேஸ்ரிங்ஸ் அதிபராகத் திறந்த கல்லூரிக்குத் தனி ஆளுநர் சபையும் தனி நிதியும் இருந்தன. இடையில் 17 ஆண்டுகள் செமினரி என்ற நிறுவனமே இல்லாதபோது, அந்த ஆண்டுகளையும் வயதில் சேர்ப்பது எந்த நியாயத்தில்?

பழைய வளவு எழுதியது:
ஐயா, மூடப்பட்டதைச் சொன்னீர்கள். ஏன் மூடப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்றவர்கள் ஊழியத்துக்குப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பதும், மிசன் இனித் தாய்மொழிக் கல்வியிலேயே நிற்கவேண்டும் என்பதுமே தூதுக்குழுவின் வாதம். அதாவது படிப்புத் தோற்றதால் கதவு மூடப்படவில்லை, அளவுக்கு மீறி வென்றதால் மூடப்பட்டது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு இதனை ஒப்பிடலாம் என்று இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ட் எழுதியது செமினரி நடந்த காலத்திலேதான். மூடிய இரண்டாம் ஆண்டில், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினரியில் உருவானவர்களே. உயர்கல்வி மீண்டும் வேண்டும் என்று ஓயாமல் கேட்டவர்களும், 1872 க்குப் பணம் திரட்ட முன்நின்றவர்களும் அந்தப் பழைய மாணவர்கள்தாம். அதே வளவில், அதே ஆலயத்தின் அருகில், அவர்கள் கேட்டபடி திறந்த ஒன்றை வேறு நிறுவனம் என்று எப்படிச் சொல்வது?

அராலி வழியான் எழுதியது:
பழைய மாணவரின் வழியாகவே வமிசம் ஓடுகிறதென்றால், அந்த வாதம் உங்களை வேறோரிடத்துக்குக் கொண்டுபோய்விடும். செமினரியில் படித்துப் பின்னர் அங்கேயே கற்பித்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, 1880 களில் யாழ்ப்பாண நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அது 1890 இல் சைவபரிபாலன சபையின் கைக்கு வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. இனி இந்துக் கல்லூரியும் 1823 என்று பெயர்ப்பலகை எழுதலாமா? எழுதமாட்டார்கள், எழுதுவது தகாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆள் தொடர்வது வேறு, நிறுவனம் தொடர்வது வேறு.

ஏட்டுப் பூச்சி எழுதியது:
இருவரும் ஆண்டையும் அதிகாரத்தையுமே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். செமினரியின் வழக்கங்களைப் பார்த்தால் விடை தெளியும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் ஒரு மாணவனின் செலவைப் பொறுப்பேற்றால், அவர் குறித்த பெயரை அந்த மாணவனுக்குச் சூட்டுவார்கள். கறலும் நெவின்சும் அப்படி வந்த பெயர்கள். அது பெருமைப்படத்தக்க மரபு என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பெயரை ஏற்றவர்கள் தமிழை விட்டுவிடவில்லை என்பது வேடிக்கை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். பூவர் மேனாட்டு வானியலைக் கற்பித்தபோது உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்போடு மோதல் எழுந்தது. அவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்ரன் தமிழரின் சோதிட நூல்களையே ஆராய்ந்து எழுதினார். தமிழும் ஆங்கிலமும் எதிரெதிரே அமர்ந்து வாதாடிய வகுப்பறை அது. 1872 க்குப் பிந்திய கல்லூரியோ, சில காலத்திலேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் இடமாக மாறிற்று. அதில் தவறில்லை, மாணவருக்கு வேலை தேவைப்பட்டது. ஆனால் பாடத்திட்டத்தை வகுத்த கை வேறு.

பழைய வளவு எழுதியது:
பாடத்திட்டம் மாறியதால் பள்ளி மாறிவிட்டதென்றால், இன்று யாழ்ப்பாணத்திலுள்ள எந்தப் பள்ளிக்கும் நூறு வயது தேறாது. தமிழ் பயிற்றுமொழியானபோதே எல்லாம் புதிதாகப் பிறந்தவையாகிவிடும். இந்துக் கல்லூரியைப் பற்றிய கேள்விக்கும் விடை உண்டு. நெவின்ஸ் தம் அறிவை யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுபோனார், வளவைக் கொண்டுபோகவில்லை. வட்டுக்கோட்டையில் வளவும் மிசனும் ஆசிரியப் பரம்பரையும் ஓரிடத்தில் இருந்தன.

அராலி வழியான் எழுதியது:
மிசன் இருந்தது என்கிறீர்கள். மூடியதும் அந்த மிசன்தானே. தான் மூடியதைப் பின்னர் தொடர்வதாக அது 1855 இல் சொல்லவில்லை. 1823 ஐ முன்வரலாறாக விரிவாக எழுதுங்கள், முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நிறுவிய ஆண்டு என்று எழுதும் இடத்தில் 1872 நிற்கட்டும்.